கேத்தி பாலாடா உறைபனியில் ஸ்டார்ட் ஆகாத பிக்கப்

டிசம்பர் கடைசியில், அதிகாலை 3 மணிக்குக் கேத்தி பாலாடாவில் போய் நிற்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது மலையோ தோட்டமோ அல்ல. இருட்டுக்குள் வரிசையாக நகரும் சின்னச் சின்ன விளக்குகள்தான். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஆணும் பெண்ணுமாகக் கேரட் பிடுங்கிக் கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் கேரட் கழுவும் இயந்திரம் உருண்டுகொண்டிருக்கும். அதிலிருந்து வழியும் தண்ணீர் வாய்க்காலுக்குப் போவதற்குள் கை விறைக்கும் அளவுக்குக் குளிர்ந்துவிடும். கழுவி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, பிக்கப் வண்டியில் ஏற்றி, விடிவதற்குள் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கியாக வேண்டும். ஊட்டி, குன்னூர் வட்டாரத்து மலைக்காய்கறிகளில் பெரும்பகுதி இப்படித்தான் சமவெளியைப் பார்க்கிறது.

நீலகிரியில் பனியை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். மழைக்காலம் ஓயும்போது முதலில் வருவது நீர்ப்பனி. அது புல்லை நனைப்பதோடு சரி. அதற்குப் பிறகு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை எப்போது வேண்டுமானாலும் வருவது உறைபனி. காந்தல், தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பதைப் படம் எடுக்கச் சுற்றுலா வந்தவர்கள் விடியற்காலையில் ஓடுவார்கள். அதே நேரத்தில் தேயிலைக்காரரும் உருளைக்கிழங்குக்காரரும் கருகப்போகும் இலையை நினைத்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள்.

உறைபனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில், நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை வானத்துக்குத் திருப்பி விட்டுவிடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் வானிலை அறிக்கை 4 டிகிரி என்று சொல்லும் நாளிலும் பள்ளத்துப் புல்லின்மேல் 0 டிகிரிக்குக் கீழே போயிருக்கும். படுகர் ஹட்டிகள் பலவும் சரிவிலேயே இருக்கின்றன. காரணம் எதுவாக இருந்தாலும், பனி இரவில் அந்த இடம் பள்ளத்தைவிடக் கதகதப்பானது. ஆனால் தண்ணீரும், வண்டல் மண்ணும், கேரட் கழுவும் இடமும் பள்ளத்தில்தான். ஆகவே வண்டியும் பள்ளத்தில் நிற்கிறது. திறந்த வானத்தின் கீழே நிற்கும் இரும்பு வண்டி, கேரட் இலை இழப்பதுபோலவே இரவு முழுவதும் வெப்பத்தை இழக்கிறது.

கழுவிய கேரட் காத்திருக்காது. மண்ணோடு இருக்கும் கேரட்டை ஒரு நாள் தள்ளிப் பிடுங்கலாம். கழுவி ஈரத்தோடு மூட்டைக்குள் போனது நிறம் மங்கும், நுனி அழுகும். மண்டியில் காலையில் ஏலம் நடக்கும்போது கேரளா, சமவெளி வியாபாரிகள் எல்லாரும் இருப்பார்கள். ஏலம் முடிகிற நேரத்தில் வந்து நிற்கும் லோடுக்கு, மீதி இருக்கிற ஓரிரு வியாபாரிகள் கேட்பதுதான் விலை. மூன்று மாதம் பாடுபட்ட வெள்ளாமையின் வரவு, ஒரு வண்டி அரை மணி நேரம் கிளம்பாததால் குறைந்துபோகும்.

அப்படி ஒரு காலையில் அங்கே நடந்தது இது. லோடு ஏற்றி முடித்தாயிற்று. மணி 4-ஐத் தாண்டிவிட்டது. கண்ணாடியில் படிந்த பனியைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டிவிட்டு மேட்டுப்பாளையத்து ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். "கிர்ர்... கிர்ர்..." என்று இழுத்தது, நின்றுவிட்டது. மறுபடி திருப்பினால் இன்னும் மெதுவாக இழுத்தது.

மூட்டை ஏற்றிய இளைஞர் ஓடி வந்தார். "டீசல் உறைஞ்சு போச்சுண்ணா. டேங்குக்கு அடியில கொஞ்சம் பேப்பரைக் கொளுத்திக் காட்டலாமா?"

"தீயெல்லாம் வேண்டாம் தம்பி. மொதல்ல சத்தம் என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்றார் ஓட்டுநர். தோட்டக்காரர் கையைத் தேய்த்துக்கொண்டே, "ஏலத்துக்குப் போய்ச் சேருமாங்க?" என்று மட்டும் கேட்டார்.

சத்தத்தைக் கேட்பது என்று அந்த ஓட்டுநர் சொன்னது சரியான முறை. ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டி மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சரியான வேகத்தில் சுற்றவில்லை. இரண்டு, நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் சைலன்சரில் புகையே இல்லை. மூன்று, நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை. முதலாவது மின்சாரக் கோளாறு. இரண்டாவது டீசல் இன்ஜினுக்குப் போய்ச் சேராத கோளாறு. மூன்றாவது, டீசல் போய்ச் சேர்ந்தும் பற்றிக்கொள்ள வெப்பம் போதாத கோளாறு. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எதைக் கழற்றினாலும் வீண்தான். பயிரில் இலை மஞ்சளாவதைப் பார்த்தவுடனே யூரியா மூட்டையைத் தூக்குவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றை பிஸ்டன் அழுத்தும்போது அது சூடாகிறது. அந்தச் சூடு 200 டிகிரியைத் தாண்டி நன்றாக ஏறினால்தான் உள்ளே தெளிக்கப்படும் டீசல் தானாகப் பற்றும். பிஸ்டன் மெதுவாக நகர்ந்தால் வேகமான அழுத்தம் இல்லை. கிடைத்த கொஞ்சச் சூட்டையும் குளிர்ந்த சிலிண்டர் சுவர் குடித்துவிடும். மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. இன்ஜின் ஒவ்வொரு முறையும் இழுக்கும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு. மேட்டுப்பாளையத்தில் ஒரே சுற்றில் பிடிக்கும் வண்டி பாலாடாவில் நான்கு முறை இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேட்டரியும் குளிரில் சோர்ந்துவிடும். சமவெளி வெயிலில் அது தரும் ஸ்டார்ட்டிங் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 0 டிகிரியில் குறைந்துபோகிறது. அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு அதிக சக்தி கேட்கிறது. வரவு குறையும்போதே செலவு கூடுகிறது.

ஓட்டுநர் வோல்ட் மீட்டரை எடுத்தார். சும்மா இருக்கும்போது பேட்டரி 12.2 காட்டியது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 காட்ட வேண்டும். சாவியைத் திருப்பும்போது அது 8.5-க்கு விழுந்தது. இழுக்கும்போது 9.6-க்குக் கீழே போனாலே பேட்டரியை நம்ப முடியாது. பிறகு இரண்டு டெர்மினலையும் கையால் தொட்டுப் பார்த்தார். செல்ஃப் அடித்த பிறகு டெர்மினல் சூடாக இருந்தால் அங்கே பிடிப்பு சரியில்லை என்று அர்த்தம். இரண்டும் பனிக்கட்டி மாதிரிதான் இருந்தன. பிடிப்பு நன்றாக இருக்கிறது. பேட்டரியில்தான் சரக்கு இல்லை. காரணம் தேட நேரம் ஆகவில்லை. கேரட் கழுவும் இடத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு மணி நேரமாக வண்டியின் ஹெட்லைட்டைப் போட்டு வைத்திருந்தார்கள்.

பக்கத்து வண்டியைக் கொண்டுவந்து ஜம்பர் கேபிள் போட்டார்கள். இதற்கு ஒரு வரிசை உண்டு. சிவப்புக் கேபிளை முதலில் படுத்த பேட்டரியின் பாசிட்டிவிலும், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, அடுத்த முனையைப் படுத்த வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், அதன் இன்ஜின் இரும்பில் பிடிக்க வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுவுக்கு அந்தப் பொறி ஆகாது.

இப்போது செல்ஃப் சரசரவென்று சுற்றியது. ஆனால் வண்டி பிடிக்கவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தது. ஒரு கோளாறு தீர்ந்ததும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று எட்டிப் பார்த்தது.

வெள்ளைப் புகை என்பது எரியாத டீசல். டீசல் உள்ளே போகிறது, சூடு இல்லை. டாப்பை ஏற்றி மூடி, பில்டரைக் கழற்றி, டேங்கைத் தட்டிப் பார்க்கும் வேலை இனி தேவையில்லை. பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக். சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் கம்பி போல ஒரு விளக்கு எரியுமே, அது சிலிண்டருக்குள் இந்தப் பிளக்குகள் சூடேறும் நேரத்தைக் காட்டுகிறது. விளக்கு அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சமவெளியில் இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 30 டிகிரி வெயிலில் பிளக் வேலை செய்யாவிட்டாலும் வண்டி கிளம்பிவிடும். அதனால் பிளக் எரிந்துபோனது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. குளிர் புதிதாக ஒரு கோளாறைக் கொண்டுவருவது குறைவு. வெயில் மறைத்து வைத்திருந்ததைத்தான் அது வெளியே கொண்டுவருகிறது.

ஓட்டுநர் பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, டெஸ்ட் விளக்கின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கையும் தொட்டார். இரண்டில் விளக்கு எரிந்தது. மற்ற இரண்டில் எரியவில்லை. நான்கில் இரண்டு பாதி. (புதிய வண்டிகள் சிலவற்றில் குறைந்த வோல்ட்டில் வேலை செய்யும் பிளக்குகள் வருகின்றன. அவற்றுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சூடேற்றிப் பார்க்கக் கூடாது. மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்ப்பதே நல்லது.)

அந்த நேரத்தில் பிளக் வாங்கக் கடை ஏது? இருந்த இரண்டையே முழுதாகப் பயன்படுத்தினார். தகட்டைத் திரும்ப மாட்டி, சாவியைத் திருப்பிச் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்தி, மறுபடி திருப்பி, இப்படி மூன்று முறை. நான்காவது முறை கிளட்ச்சை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தார். கிளட்ச்சை மிதித்தால் கியர் பெட்டியில் கெட்டியாகிக் கிடக்கும் ஆயிலைச் சுற்றும் பாரம் செல்ஃபுக்குக் குறையும். வண்டி இருமியது, இரண்டு சிலிண்டரில் பிடித்தது, வெள்ளையாகப் புகை கக்கியது, அரை நிமிடத்தில் நான்கும் சேர்ந்து ஒழுங்காக ஓடியது. மணி 4.50. பர்லியார் இறங்கும்போது விடிந்துவிடும், ஏலத்துக்கும் போய்ச் சேரலாம்.

பாலாடாவில் இப்படி என்றால், ஊட்டிக்கு மறுபக்கம் முத்தொரை பாலாடா பக்கம் அதிகம் கேட்கிற புகார் வேறு. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் அந்தப் பகுதியில் தோட்டப் பாதைகள் செங்குத்தானவை. செல்ஃப் பிரமாதமாகச் சுற்றும். புகை துளியும் வராது. அதாவது டீசல் போய்ச் சேரவில்லை. மலையில் இதற்கு முதல் காரணம் வண்டி நிற்கும் விதம்தான். மூக்கு மேலே தூக்கியபடி சரிவில் இரவெல்லாம் நிற்கும் வண்டியில், டீசல் குழாய் இணைப்பு ஒன்றில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். பகலில் அடிக்கடி ஓட்டும்போது இது தெரியாது. ஆறு மணி நேரம் நின்றால்தான் தெரியும். டேங்கில் கால் பங்குதான் டீசல் என்றால், சரிவில் அது ஒரு மூலைக்கு ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் வெறும் காற்றை இழுக்கவும் வாய்ப்பு உண்டு. வண்டியைச் சமதளத்துக்கு நகர்த்தி, பில்டர் மேலுள்ள கைப் பம்பை அது கெட்டியாகும்வரை அழுத்தினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். அடுத்த நாளும் அதே தொல்லை என்றால் பில்டரிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக ஈரம் பார்க்க வேண்டும்.

பழைய இன்ஜினில் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். காமன் ரயில் இன்ஜினில் அந்தப் பழக்கமே கூடாது. அதில் ஸ்டார்ட் ஆகும் நேரத்திலேயே டீசல் சில நூறு பார் அழுத்தத்தில் இருக்கும், ஓடும்போது ஆயிரத்தையும் தாண்டும். ஊசியைவிட மெல்லிய அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும். கையை இழந்தவர்கள் உண்டு.

இரண்டாவது காரணம் தண்ணீர். பாதி காலியான டேங்கின் உள்சுவரில் இரவுக் குளிரில் நீர் வியர்த்து, அடியில் தங்கி, பில்டருக்கு வரும். 0 டிகிரியில் டீசல் உறைகிறதோ இல்லையோ, அந்தத் தண்ணீர் உறைந்து வழியை அடைக்கும். பில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால், அடியில் தனியாக நிற்கும் தண்ணீர் கண்ணுக்கே தெரியும். சுத்தமான டீசல் வரும்வரை விட்டு மூட வேண்டும். உறைந்திருந்தால் வெந்நீரில் நனைத்த சாக்கை பில்டரின்மேல் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தாலே போதும்.

டீசல் உறைவதே இல்லையா என்றால், உறையும். ஆனால் லடாக் போன்ற இடத்தில். அங்கே வழக்கமான டீசல் குளிர்காலத்தில் ஓடாது என்பதால் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தனி டீசலையே கொண்டுவந்தது. நீலகிரிக் குளிர் அந்த வகை அல்ல. ஆனாலும் டீசலில் உள்ள மெழுகு பில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கோடைக்கு ஓர் அளவும், குளிர்காலத்துக்கு அதைவிடக் குறைந்த ஓர் அளவும் நம் நாட்டுத் தர விதியில் இருக்கிறது. ஏப்ரலில் கேனில் வாங்கி வைத்து மறந்துபோன டீசலை ஜனவரியில் பவர் டில்லருக்கோ பம்ப்செட்டுக்கோ ஊற்றுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

செய்யக் கூடாதவற்றில் முதலாவது, டேங்குக்கு அடியில் தீ காட்டுவது. டீசல் பெட்ரோல் இல்லையே என்பார்கள். ஆனால் டேங்குக்குப் பக்கத்திலேயே ஒயரும், பிளாஸ்டிக் குழாயும், பிரேக் குழாயும் போகின்றன. இரண்டாவது, காற்று இழுக்கும் வாயில் பெட்ரோல் துணி பிடிப்பதும் ஈதர் அடிப்பதும். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் இன்ஜினில் அது பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்து, கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். மூன்றாவது மண்ணெண்ணெய். பம்புக்கும் நாசிலுக்கும் டீசல்தான் மசகு. மண்ணெண்ணெயில் அது போதாது. ஒரு லிட்டரில் மிச்சம் பிடிக்கப் போய்ப் பம்புக்குப் பல ஆயிரம் அழுதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மலையில் எல்லாரும் செய்வது உருட்டி ஸ்டார்ட் செய்வது. இதற்காகவே இறக்கம் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். காலி வண்டி, நேரான பாதை என்றால் சரி. லோடு ஏற்றிய வண்டியை இருட்டில் உருட்டுவது வேறு. இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது. இரண்டு முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும். தவிரவும், பேட்டரி அறவே செத்துவிட்ட புதிய வண்டியில் கணினிக்கே மின்சாரம் இல்லாததால் எவ்வளவு உருட்டினாலும் கிளம்பாது. ஜம்பர் கேபிள் ஒன்று வாங்கி வைப்பது எவ்வளவோ மேல். விரல் தடிமனுக்கு உள்ள கேபிளாக இருக்கட்டும். மெல்லியது சூடாகுமே தவிர இன்ஜினைச் சுற்றாது. செல்ஃபையும் ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்காமல், ஒரு நிமிடம் ஓய்வு விட்டு அடிக்க வேண்டும்.

கொடைக்கானல், ஏற்காடு, தாளவாடிப் பக்கத்து வாசகர்களுக்கும் அக்டோபர் மாதம்தான் வண்டியைப் பார்க்கச் சரியான நேரம். பேட்டரியைக் கடையில் லோடு போட்டுச் சோதிக்கச் சொல்ல வேண்டும். வெறும் வோல்ட் பார்ப்பது போதாது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, வாசலின் தடவலாம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து விரிந்து பிளாக்கையே பிளக்கும். கூலன்டைப் புத்தகத்தில் சொன்ன அளவில் கலந்து ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலும் அப்படியே. பழைய டிராக்டருக்கு ஊற்றும் கெட்டியான ஒற்றை எண் ஆயில் மலைக்கு உதவாது. மாலையில் டேங்கை நிரப்பிவிட்டு நிறுத்துவது தண்ணீர் வியர்ப்பதைக் குறைக்கும்.

பாலாடாத் தோட்டக்காரர் இப்போது கழுவும் இடத்துக்குத் தனியாக ஓர் எல்.இ.டி. விளக்கு போட்டிருக்கிறார். லோடு ஏறும்வரை வண்டி பள்ளத்துக்கு வருவதில்லை; மேலே, சரிவின் நடுவில், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் நிற்கிறது. மரத்தடிப் புல்லில் பனி விழாது என்பது அவருக்கு உருளைக்கிழங்கில் தெரிந்த பாடம்தான். ஹீட்டர் பிளக் வாங்கப் போன ஓட்டுநர், எரிந்துபோன இரண்டை மட்டும் வாங்காமல் நான்கையும் மாற்றிவிட்டார். நல்லதாக எரிந்த பழைய இரண்டும் தாளில் சுற்றி டேஷ்போர்டு பெட்டிக்குள், டெஸ்ட் விளக்குக்குப் பக்கத்தில் கிடக்கின்றன.